35 இலட்சம் டொலர் காரில் இரண்டு எழுத்துகள்

2014 ஜூன் மாதம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மீக்கம் நிறுவனம் நடத்தின ஏலத்தில் ஒரு கார் 35 இலட்சம் டொலருக்குப் போனது. 1971ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா. கூரையை மடக்கிவிடக்கூடிய கொன்வேர்ட்டிபிள். புதிதாக வந்தபோது சில ஆயிரம் டொலருக்கு விற்ற கார்தான். தகரம், வைனில் சீற், வி8 எஞ்சின், நாலு சில்லு. 'குடா' என்பது பரக்குடாவின் சுருக்கம். பரக்குடா என்றால் எங்கட சீலா மீன். ஒரு சீலாவுக்கு இவ்வளவு விலையா என்று நாங்கள் விட்ட பகிடிதான் இந்தக் கட்டுரையில வந்து நிற்கிறது.

பகிடியை விட்டால் ஒரு நல்ல கேள்வி மிஞ்சுது. அதே ஆண்டு, அதே தொழிற்சாலை, அதே உடல். உள்ளே சாதாரண வி8 எஞ்சின். அப்படி ஒரு பரக்குடா கொன்வேர்ட்டிபிளை இந்த விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வாங்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எங்களைப் போன்ற ஆக்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் இருப்பது செசி நம்பரில்.

பிளிமத், டொட்ஜ் இரண்டுமே கிறைஸ்லர் நிறுவனத்தின் பெயர்கள். அந்தக் காலத்துக் கிறைஸ்லர் கார்களின் செசி நம்பரில் 13 குறிகள் இருக்கும். நாங்கள் சொல்லுற கார் வகையின் நம்பர் 'பிஎஸ்27ஆர்1பி' என்று தொடங்கும். அதற்குப் பிறகு ஆறு இலக்கத்தில் தொடர் எண். முதல் பி என்றால் பரக்குடா. எஸ் அதன் விலைத்தரம். 27 என்றால் கொன்வேர்ட்டிபிள். ஆர் என்றால் 426 கன அங்குல ஹெமி எஞ்சின். 1 என்றால் 1971. கடைசியில் வருகிற பி, கார் கட்டப்பட்ட இடம்: மிச்சிகன் மாநிலத்தில், டெற்றொயிட் நகரத்தால் சூழப்பட்ட ஹம்ட்ராமிக் என்ற சின்ன ஊர்.

இந்தக் குறிகளில் சேகரிப்பாளர்கள் கோடி கோடியாய்க் கொட்டுவது ஆர் என்ற எழுத்துக்கு. 27 சேர்ந்து வந்தால் இன்னும் கூட. கடைசி பி-க்கு ஒரு சதமும் இல்லை. பழைய அமெரிக்க மசில் கார்களின் விலையை எது தூக்குது என்று தேடிப்போன நாங்கள் கடைசியில் வந்து நின்றது இந்த இடத்தில்தான். இந்த விலை ஒரு தலைமுறையின் நினைவுக்குக் கொடுக்கிற விலை. அந்த நினைவு யாரை உள்ளே எடுத்தது, யாரை வெளியே விட்டது என்று பார்க்காமல் விலையை முழுதாய் விளங்கிக்கொள்ள ஏலாது. இதுதான் எங்கட வாதம். ஒவ்வொரு படியாய்ப் பார்ப்பம்.

ஒருத்தரும் வாங்காத கார்

முதலில், மசில் கார் என்றால் என்ன? செய்முறை லேசு. நடுத்தர அளவுக் கார் ஒன்றை எடுங்கோ. பெரிய காருக்கு உரிய எஞ்சினை அதற்குள் இறக்குங்கோ. இளம் ஆக்களின் கைக்கு எட்டுற விலையைப் போடுங்கோ. 1964இல் பொன்டியாக் ஜிடிஓ இப்படித்தான் வந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் உள்விதிப்படி நடுத்தரக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் போடக்கூடாது. பொன்டியாக்கில் இருந்த ஜோன் டிலோரியனின் அணி, 389 கன அங்குல எஞ்சினைப் புதுக் காராகக் காட்டாமல் டெம்பெஸ்ட் காருக்கான மேலதிகத் தெரிவாகப் பட்டியலில் போட்டு அந்த விதியைத் தாண்டியது. முதல் ஆண்டிலேயே 32,000க்கு மேல் விற்றது. பிறகு ஃபோர்ட், டொட்ஜ், பிளிமத், ஷெவ்ரலே எல்லாரும் அதே வழியில் ஓடினார்கள்.

அந்த ஓட்டம் பத்து வருடம்கூட நீடிக்கவில்லை. இளம் சாரதிகள் இந்தக் கார்களை அடித்து நொறுக்குவதைப் பார்த்த காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றின. 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டர்ஸ் எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தது. ஹெமி எஞ்சின் 1971உடன் நின்றுபோனது. 1973 ஒக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தபோது, மிச்சம் இருந்த ஆசையும் பெற்றோல் செட் வரிசையில் கரைந்தது.

இந்த முடிவுதான் விலையின் தொடக்கம். 1971இல் ஹெமி எஞ்சினோடு கட்டின குடா கொன்வேர்ட்டிபிள்கள் 11 என்றுதான் பொதுவாக எண்ணுகிறார்கள். ஏன் 11? நிறுவனம் வேணுமென்று குறைக்கவில்லை. கேட்டு வந்த ஆள் அவ்வளவுதான். ஹெமி எஞ்சினுக்கு மட்டும் எண்ணூறு, தொள்ளாயிரம் டொலர் மேலதிகமாய்க் கட்டவேணும். அந்தக் காலத்தில் அது சின்னக் காசு இல்லை. எஞ்சின் பெற்றோலைக் குடிக்கும், அடிக்கடி சரிப்படுத்தவேணும், காப்புறுதி கழுத்தை நெரிக்கும். வேகம் தேடுகிறவர் பாரம் குறைந்த, கூரை உள்ள காரைத்தான் எடுப்பார். காற்று வாங்கப் போகிறவருக்கு ஹெமி தேவையில்லை. இரண்டையும் ஒன்றாகக் கேட்டவர்கள் 11 பேர்.

இதே கதை திரும்பத் திரும்ப வருகுது. 1969இல் ஷெவ்ரலே கமாரோவில் ஸெட்எல்1 என்ற அலுமினிய 427 கன அங்குல எஞ்சின் வந்தது. மொத்தம் 69 கார்கள். இலினோய் மாநிலத்தின் சின்ன ஊர் ஒன்றில் இருந்த ஒரு டீலர் 50 கார்களுக்கு ஓர்டர் கொடுத்தார். வந்து இறங்கியபோது ஒவ்வொன்றின் விலையும் 7,000 டொலரைத் தாண்டியிருந்தது. வாங்க ஆள் இல்லாமல் பல கார்களை நிறுவனத்திடமே திருப்பி அனுப்பவேண்டி வந்தது. இன்றைக்கு கமாரோ சேகரிப்பாளர்களின் கனவுக் கார் அதுதான். 1970இன் பிளிமத் சுப்பர்பேர்ட் இன்னொன்று. நாஸ்கார் ஓட்டப்பந்தயத்தில் ஓடவேணும் என்றால் அதே மாதிரியில் குறிப்பிட்ட தொகை கார்களைச் சனத்துக்கும் விற்கவேணும் என்ற விதியால் பிறந்த கார். கூரான மூக்கு, ஆள் உயரத்துக்குக் கிட்ட நிற்கிற பின் இறக்கை. வீதியில் பார்த்த சனம் சிரித்தது. விற்காமல் கிடந்த சிலவற்றின் மூக்கையும் இறக்கையையும் கழற்றி, சாதாரண ரோட் ரன்னராக மாற்றித் தள்ளின டீலர்களும் இருந்தார்கள். அன்றைக்குக் கழற்றி எறிந்த அந்த இறக்கையைத்தான் இன்றைக்குக் காசு தேடித் திரியுது.

அப்படியென்றால் அருமைதான் விலையா? முழுக்க அப்படி இல்லை. 1971இல் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்த பரக்குடா கொன்வேர்ட்டிபிளும் அதிகம் இல்லைத்தான். அதற்கு ஒருத்தரும் இலட்சக்கணக்கில் ஏலம் கேட்பதில்லை. எண்ணிக்கை குறைவு என்பது ஆசை ஏற்கெனவே இருக்கிற இடத்தில்தான் வேலை செய்யும்.

இலங்கையில் நாங்கள் கண்ட தட்டுப்பாட்டோடு இதைக் குழப்பக்கூடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பாவித்த வாகன்ஆரின் விலைகூட மேலே போனது. அங்கே சனம் காசு கொடுத்தது வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட. இறக்குமதி திறந்தால் அந்தக் காரணம் போய்விடும். ஹெமி குடாவை வாங்குகிற மனிதர் அதில் மரக்கறி வாங்கப் போகப்போவதில்லை. அவருக்கு ஓடுகிற வாகனம் வேறு இருக்கும். இந்தக் கார் ஓடினால்கூட, ஓடின மைல் கூடக்கூட மதிப்புக் குறையுமோ என்ற பயம்தான் அவரைப் பிடித்து இழுக்கும்.

கடதாசியின் பாரம்

இரண்டாவது காரணம் எங்களைப் போன்ற கலைப்பீடத்து ஆக்களுக்கு மிகவும் பழக்கமானது: ஆவணம்.

ஒரு மசில் காரை இன்றைக்கு ஒன்றுமில்லாமலே உருவாக்கலாம். பழைய மஸ்ராங், கமாரோ ஆகியவற்றின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. ஹெமி எஞ்சினும் புதிதாக வாங்கலாம். சாதாரண பரக்குடா ஒன்றை எடுத்து, எஞ்சினை மாற்றி, சின்னங்களை ஒட்டினால் கண்ணுக்கு ஹெமி குடாதான். இதை அங்கே 'குளோன்' என்கிறார்கள். நல்ல குளோன் ஒன்று உண்மையான காரை விட நன்றாகவே ஓடலாம். ஆனாலும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அதனால்தான் 'நம்பர் பொருந்துதா' என்பது முதல் கேள்வி. எஞ்சின் கட்டையில் செசி நம்பரின் ஒரு பகுதி குத்தப்பட்டிருக்கும். கியர் பெட்டியிலும் அப்படி. இந்த நம்பர்கள் காரின் நம்பரோடு பொருந்தினால், இந்த எஞ்சின் இந்தக் காரோடுதான் பிறந்தது என்று அர்த்தம். 50 வருடத்துக்கு முதல் ஒரு பெடியன் எஞ்சினை எரித்துப்போட்டு வேறொன்று மாற்றியிருந்தால், இன்றைய உடமையாளருக்கு அதனால் இலட்சக்கணக்கில் நட்டம் வரலாம்.

நம்பருக்கு அடுத்தது தாள். ஃபோர்ட் நிறுவனத்தின் 1967க்குப் பிறகான உற்பத்திப் பதிவுகள் ஒரு தனியார் நிறுவனத்திடம் உரிமத்தோடு இருக்கின்றன. செசி நம்பரைக் கொடுத்தால் உங்கட மஸ்ராங் என்ன நிறத்தில், என்ன எஞ்சினோடு, எந்த டீலருக்குப் போனது என்று அறிக்கை வரும். பொன்டியாக்குக்கும் அப்படி ஒரு வழி உண்டு. ஷெவ்ரலேக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. 1970இன் ஷெவெல் எல்எஸ்6, அதாவது 454 கன அங்குலம், 450 குதிரைவலு, மசில் கார்களில் மிகவும் பேர்போன ஒன்று. அதன் செசி நம்பர் 'வி8 எஞ்சின்' என்று மட்டும்தான் சொல்லும், எந்த வி8 என்று சொல்லாது. ஆகவே ஷெவெல் வாங்குகிறவர் பழைய விற்பனைப் பற்றுச்சீட்டை, உத்தரவாதப் புத்தகத்தை, கார் கட்டும்போது வரிசையில் கூடவே போன 'பில்ட் ஷீட்' தாளைத் தேடுகிறார். ஆவணம் எங்கே இருக்கோ அங்கே விலை உறுதியாய் நிற்கும். ஆவணம் இல்லாத இடத்தில் சந்தேகம் விலையைத் தின்னும்.

அந்தத் தாள் எங்கே கிடைக்கும் தெரியுமா? பல தடவை சீற்றுக்குள். மெத்தைக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங்குகளுக்குள் செருகப்பட்டபடி. இல்லாட்டி காபெற்றுக்குக் கீழே. வேலை செய்த தொழிலாளி தன் பங்கு முடிந்ததும் தாளை எறியாமல் அப்படியே உள்ளே தள்ளிவிட்டுப் போயிருப்பார். அவருக்கு அது குப்பை. இன்றைக்கு அந்தக் கசங்கின தாள் ஒரு காரின் விலையையே மாற்றும். இந்தத் தொழிலாளியை ஞாபகம் வைத்திருங்கோ, திரும்பவும் வருவார்.

ஆருடைய பதினெட்டு வயது

மூன்றாவது காரணம் வயது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1946க்கும் 1964க்கும் இடையில் பிறந்த அமெரிக்கர்களை 'பேபி பூமர்' தலைமுறை என்பார்கள். 1950இல் பிறந்த ஒருத்தருக்கு 1968இல் பதினெட்டு வயது. பக்கத்து வீட்டு அண்ணா ஜிடிஓவில் போகிறார். இவர் கையில் காசில்லை. 2000இல் இவருக்கு 50. வீட்டுக் கடன் முடிஞ்சுது, பிள்ளைகள் வளர்ந்திட்டினம், கையில் காசு இருக்கு. எதை வாங்குவார்? அன்றைக்கு வாங்க ஏலாமல் போனதை.

ஒரு ஆள் இப்படி யோசித்தால் அது ஏக்கம். இலட்சக்கணக்கான ஆக்கள் ஒரே காலத்தில் யோசித்தால் அது சந்தை. 2000களின் தொடக்கத்தில் பரெட்-ஜக்சன் நிறுவனத்தின் ஏலங்கள் தொலைக்காட்சியில் நேரடியாய்ப் போயின. வீட்டில் இருந்தபடியே சனம் விலையைப் பார்த்துப் பழகியது. 2006, 2007 அளவில் மசில் கார் விலை உச்சத்துக்குப் போனது. 2008இன் நிதி நெருக்கடியோடு பலதும் விழுந்தன. கார் அதே கார், எஞ்சின் அதே எஞ்சின். மாறியது வாங்குகிற ஆளின் வங்கிக் கணக்கு மட்டும்.

நினைவுக்கு விலை இருக்குது என்பதற்கு 'புலிற்' காரைவிட நல்ல சாட்சி கிடையாது. 1968இல் வந்த அந்தப் படத்தில் ஸ்டீவ் மக்குவீன் ஓட்டின பச்சை நிற ஃபோர்ட் மஸ்ராங். 1974இல் ஒரு குடும்பம் அதை 6,000 டொலருக்கு வாங்கி, வீட்டுத் தேவைக்கே ஓடினார்கள். 1977இல் மக்குவீனே கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை. பிறகு பல வருடம் அது சும்மா கிடந்தது. 2020 ஜனவரியில் புளோரிடாவில் நடந்த ஏலத்தில், கட்டணங்களும் சேர்த்து 37 இலட்சம் டொலருக்கு மேல் போனது. பெயின்ற் மங்கி, துரு பிடித்து, படப்பிடிப்புக்காக ஓட்டை போட்ட அடையாளங்களோடு, அப்படியே போனது. பளபளப்பாய்த் திருத்தியிருந்தால் விலை குறைந்திருக்கும் என்றுதான் அந்த உலகத்து ஆக்கள் சொல்லுவார்கள். துரு அங்கே சாட்சி.

இஞ்ச நாங்கள் எங்களைப் பற்றியும் ஒரு வரி சொல்லவேணும். எங்கட வயது ஆக்கள் பலருக்கு மசில் கார் அறிமுகமானது 2001இல் வந்த 'ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தால். அதில் டொமினிக் ஓடுகிற 1970 டொட்ஜ் சார்ஜரை நாங்கள் தெரியும். ஆனால் மனதில் ஒட்டினது அதே படத்தில் வந்த செம்மஞ்சள் நிற ரொயோட்டா சுப்ராதான். சுப்ராவும் ஸ்கைலைனும் ஜப்பான் கார்கள், எங்கட கண்ணுக்குப் பழக்கமான குடும்பத்துப் பிள்ளைகள். அமெரிக்காவிலும் அதே மாற்றம் நடக்குது. அந்தப் படத்தில் பாவித்த சுப்ரா 2021இல் 5,50,000 டொலருக்குப் போனது. தொடரின் நாலாவது படத்தில் போல் வோக்கர் ஓட்டின நிசான் ஸ்கைலைன் ஆர்34, 2023இல் 13 இலட்சம் டொலரைத் தாண்டியது. 1990களில் பிள்ளைகளாய் இருந்தவர்களின் கைக்கு இப்போது காசு வந்திருக்குது. பூமர் தலைமுறை கார் கொட்டகைகளைக் காலி பண்ணத் தொடங்கியிருக்குது. மிக அருமையான ஹெமி கார்கள் ஓவியங்களைப்போல விலையைப் பிடித்து வைத்திருக்கலாம். சாதாரண மசில் கார்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை என்று நாங்கள் நினைக்கிறம்.

"அதெல்லாம் சரி, அந்தக் கார்களின் வேகமும் தொழில்நுட்பமும்தானே காரணம்?" என்று கேட்கலாம். வேகம்தான் காரணம் என்றால் விலை எப்பவோ விழுந்திருக்கவேணும். இன்றைய மின்சாரக் குடும்பக் கார்கள் பல, சத்தம் இல்லாமல், ஏசி போட்டபடி ஹெமி குடாவை முந்திப் போகும். இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் பாரமானது. பழைய உடலுக்குள் புது எஞ்சின், புது பிரேக் போட்டுக் கட்டுகிற 'ரெஸ்ரோமொட்' கார்கள் இப்போது ஏலங்களில் நல்ல விலை போகின்றன. சில நேரம் அசல் காரைவிடவும் கூட. அங்கே நம்பரும் தாளும் ஒன்றும் செய்யாது. இதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் விற்பது உருவம், அதாவது 1969இன் கமாரோ போல வீதியில் போகிற ஆசை. நினைவு தாளில் இருந்து தோற்றத்துக்கு இடம் மாறியிருக்குது, அவ்வளவுதான்.

பி என்ற எழுத்து

இப்போது கடைசி எழுத்துக்கு வருவம். ஹம்ட்ராமிக் தொழிற்சாலையை எல்லாரும் 'டொட்ஜ் மெயின்' என்பார்கள். டொட்ஜ் சகோதரர்கள் 1910களில் தொடக்கினது. பல மாடிகள் கொண்ட பழைய கட்டடம். 1960களின் கடைசியில் அங்கே வேலை செய்தவர்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் மிக அதிகம். மேற்பார்வையாளர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். சூடான, ஆபத்தான வேலைகள் கறுப்பினத்தவருக்கே போயின. 1967 ஜூலையில் டெற்றொயிட் எரிந்தது. 43 பேர் செத்தார்கள்.

அடுத்த வருடம், 1968 மே 2ஆம் திகதி, வரிசையின் வேகத்தைக் கூட்டினதை எதிர்த்து டொட்ஜ் மெயினில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். தொழிற்சங்கம் அனுமதிக்காத வேலைநிறுத்தம். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாய்த்தான் நின்றார்கள். தண்டனை வந்தபோது பெரும்பங்கு விழுந்தது கறுப்பினத்தவர் மேல். வேலை இழந்தவர்களில் ஜெனரல் பேக்கரும் ஒருவர் ('ஜெனரல்' அவருடைய பெயர், பதவி இல்லை). அந்த நாட்களில் பிறந்ததுதான் டொட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'டிரம்' என்று கூப்பிட்டார்கள். கறுப்பின மேற்பார்வையாளர்கள் வேணும், நீக்கினவர்களைத் திருப்பி எடுக்கவேணும், பாதுகாப்பான வேலையிடம் வேணும் என்று கேட்டார்கள். நிறுவனத்தை மட்டுமில்லை, தங்களைக் கைவிட்ட பெரிய தொழிற்சங்கத்தையும் எதிர்த்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1969இல், அதே கட்டடத்தில் புது வடிவ பரக்குடாவும் டொட்ஜ் சலெஞ்சரும் வரிசையில் ஏறின. 35 இலட்சம் டொலருக்குப் போன காரை இந்தச் சூழலில் நின்ற கைகள்தான் பூட்டின.

இந்த இடத்தில்தான் சேகரிப்பாளர் உலகத்தின் ஒரு வினோதம் எங்களைப் பிடித்து நிறுத்துது. உயர்தரத் திருத்த வேலை செய்கிறவர்கள் காரைத் தொழிற்சாலையில் இருந்து வந்த நாள் போலவே ஆக்கப் பார்ப்பார்கள். அன்றைக்குச் சோதித்த தொழிலாளி சோக்கால் கீறின அடையாளம், தூரிகையால் வைத்த பெயின்ற் பொட்டு, அவசரத்தில் வழிந்த பெயின்ற் எல்லாவற்றையும் பழைய படங்கள் பார்த்து அப்படியே திரும்பக் கீறுவார்கள். போட்டிகளில் அதற்குப் புள்ளியும் உண்டு. வரிசையின் வேகம் கூடினதால் வழிந்த பெயின்ற்றாகவும் அது இருக்கலாம். அந்த வேகத்தை எதிர்த்துத்தான் சனம் வெளியே வந்தது. வேகத்தின் அடையாளம் இன்றைக்கு அலங்காரம். அதை எதிர்த்தவரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. சீற்றுக்குள் தாளைச் செருகினவரையும் அப்படித்தான். அவர் விட்டுப்போன தாளுக்குக் காசு உண்டு. அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

டொட்ஜ் மெயின் 1980இல் மூடப்பட்டது. பிறகு இடித்தார்கள். அந்தக் காணியோடு பக்கத்தில் இருந்த போல்ரவுண் குடியிருப்பையும் சேர்த்து எடுத்து ஜெனரல் மோட்டர்ஸ் புதுத் தொழிற்சாலை கட்டியது. 4,000க்கும் மேற்பட்ட சனம் வீடு, தேவாலயம், கடை எல்லாம் விட்டுப் போகவேண்டி வந்தது. அந்தத் தொழிற்சாலை இன்றைக்கு 'ஃபக்டரி ஸீரோ' என்ற பெயரில் மின்சார வாகனங்களைக் கட்டுது.

ஒரு தலைமுறை முழுவதுக்கும் ஒரே பதினெட்டு வயது இருந்ததில்லை. ஒருத்தர் 1970இல் அந்தக் காரைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏங்கிப் பார்த்தார். இன்னொருத்தர் அதே வயதில் அதே காரின் கீழே நின்று ஆணி பூட்டினார். முதல் ஆளுக்குப் பிறகு காசு வந்தது, அவருடைய நினைவு விலையானது. இரண்டாவது ஆளுக்குத் தொழிற்சாலை மூடுப்பட்டது. சந்தை நினைவை விற்குது என்று சொன்னால் போதாது. காசு உள்ள நினைவை விற்குது என்று முழுதாய்ச் சொல்லவேணும்.

இதற்காகக் கார் சேகரிப்பதைப் பாவம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. உண்மையில, பழசை ஒழுங்காய் வைத்திருக்கிற, ஒவ்வொரு ஆணிக்கும் ஆதாரம் தேடுகிற அந்த ஆக்களின் பொறுமையைப் பார்த்தால் வரலாறு படிக்கிற எங்களுக்குப் பொறாமையாய்த்தான் இருக்குது. அவர்களிடம் கேட்கவேண்டியது சின்ன விசயம். எஞ்சின் நம்பருக்கு ஆதாரம் தேடுகிற அதே கவனத்தில் கொஞ்சத்தைக் கடைசி எழுத்துக்கும் கொடுங்கோ. ஏல விபரத்தில் குதிரைவலுவுக்குப் பத்து வரி என்றால் தொழிற்சாலைக்கு மூன்று வரி எழுதுங்கோ. டெற்றொயிட்டில் அந்தத் தொழிலாளர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் இன்னும் இருப்பினம். அவர்களின் கதையைப் பதிய இன்னும் பத்து வருடம் கிடைக்குமோ தெரியாது.

எங்களுக்கு இதில் என்ன என்று கேட்டால், எங்கட உடுப்பு அலுமாரியைத் திறந்து பாருங்கோ. கிளிநொச்சியிலும் கட்டுநாயக்கவிலும் எங்கட வயதுப் பெண் பிள்ளைகள் தைக்கிற சட்டைகளில் 'இலங்கையில் செய்தது' என்று ஒரு சின்னத் துண்டு இருக்கும். கழுத்தைக் குத்துது என்று வெட்டி எறிகிற துண்டு. பிறத்தியில் அந்தச் சட்டையை விற்கிறது பெரிய எழுத்தில் இருக்கிற பெயர். அந்தத் துண்டும் ஒரு பி எழுத்துத்தான்.

அடுத்த தடவை ஏதாவது ஒரு பழைய பொருள் நம்ப ஏலாத விலைக்குப் போனது என்று செய்தி வந்தால், எவ்வளவு என்று கேட்டபிறகு எங்கட பேச்சுத்தமிழில் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கோ: ஆர் வாங்கினது என்பது செய்தியிலேயே இருக்கும், ஆர் செய்தது?